மீசையில்லாத வாக்காளர்

வாங்க அண்ணாச்சி, இப்படி நிழல்ல உக்காருங்க. கூட்டம் முடிய நேரமாகும். மூணாவது வார்டு கவுன்சிலரைத்தான பாக்க வந்திருக்கீங்க? கையில மனுவைப் பாத்ததுமே தெரிஞ்சுட்டு. தெருக்குழாயா, சாக்கடை வாறுகால் அடைப்பா? வாறுகாலா. சரி. கொடுங்க பாப்போம். இல்ல, வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க. மனுவை நான் கையால தொடக் கூடாது. அது ஒரு ஏற்பாடு. பொறவு சொல்லுதேன்.

நான் யாருன்னு கேக்கீங்களா? ஆதிலிங்கம். இந்தப் புன்னைவிளைப் பேரூராட்சியில ஆதிலிங்கத்தைத் தெரியாதவன் கிடையாது. நீங்க கவுன்சிலரைப் பாக்க வந்தீங்கன்னா, ஒரு வகையில என்னைத்தான் பாக்க வந்திருக்கீங்க. கவுன்சிலர் எம் பொண்டாட்டி. அதாவது, நின்னது நான். ஜெயிச்சதும் நான். பேரு மட்டும் அவ பேரு. உள்ள நாற்காலியில உக்காந்திருக்கதும் அவதான், அது வேற.

ஒரு சின்ன உதவி. யாராவது வந்து கேட்டா, நான் உங்ககூட வந்தவன்னு சொல்லிருங்க. வேற ஒண்ணுமில்ல. சும்மா ஒரு பேச்சுக்கு.

இருபத்தாறு வருஷமா நான் கட்சியில இருக்கேன் அண்ணாச்சி. இந்த ஊருல கட்சிக்கொடி பறக்குத கம்பம் ஒவ்வொண்ணுக்கும் குழி தோண்டுனது இந்தக் கை. சுவருக்கு வெள்ளை அடிச்சிருக்கேன். ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டு தொண்டை கட்டிப்போற அளவுக்குக் கத்தியிருக்கேன். ரெண்டு நாள் ஜெயில்ல இருந்திருக்கேன், அதுவும் யாருக்காக? ஊருக்காக. இந்தத் தடவை மூணாவது வார்டு ஆதிலிங்கத்துக்குத்தான்னு மாவட்டமே வாய்விட்டுச் சொல்லிட்டு. நான் வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துட்டேன். சட்டையை வாங்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு டீக்கடைக்கு வாறேன், பேப்பர்ல போட்டிருக்கான், மூணாவது வார்டு பெண்களுக்குன்னு.

நாட்டுல எத்தனை வார்டு இருக்கு. தேடிப் பிடிச்சு என் வார்டை எடுத்திருக்கான் பாத்தீங்களா. பெண்கள் அரசியலுக்கு வரணும்னு மேடையில பேசுனவன் நான். இப்பவும் பேசுவேன். வரட்டும். அதுக்கு நாலாவது வார்டு இல்லையா?

ரெண்டு நாள் நான் சாப்பிடலை. மூணாம் நாள் பசிச்சுது. சாப்பிட்டுக்கிட்டே பாக்கேன், எதுத்தாப்ல எம் பொண்டாட்டி நிக்கா. தங்கபுஷ்பம். கையில சட்னிக் கரண்டி. சட்டுன்னு தோணுச்சு, இவளும் ஒரு பெண்தானேன்னு.

அவளைப் பத்திச் சொல்லணும்னா, வெளி உலகமே தெரியாது அண்ணாச்சி. வீட்டு முன்னால மாவு ஆட்டி விக்கிறா. இட்லி மாவு, தோசை மாவு. காலையில தெருப் பொம்பளைங்க தூக்குவாளியோட வருவாங்க, சாயந்தரம் வேற தெருப் பொம்பளைங்க வருவாங்க. எவ வீட்டுல மாமியாருக்கு முடியலை, எவ வீட்டுல தண்ணி வரலை, எவ மக பரீட்சை எழுதுதா, எல்லாம் இவகிட்ட வந்து சொல்லிட்டுப் போவாங்க. மத்தபடி ஊர்ல இவளுக்கு ஒருத்தரையும் தெரியாது. அந்தப் பொம்பளைங்களைத்தான் தெரியும். அதையெல்லாம் அரசியல்ல கணக்குல எடுக்க முடியாது.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவ கரண்டியைக் கீழ வச்சா. "நிக்கேன். ஆனா நின்னா நான்தான் நிப்பேன்"ன்னா.

"நீதான் நிக்கப் போற. இங்கன கையெழுத்துப் போடு"ன்னேன்.

"அதைச் சொல்லலை"ன்னா. போட்டா. எதைச் சொல்லலைன்னு நான் கேக்கலை. எனக்கு ஆயிரம் சோலி.

போஸ்டர் அடிச்சோம். என் படம் ஆள் உயரத்துக்கு. அவ படம் ஓரத்துல, தபால்தலை மாதிரி. பிரஸ்காரன் கேக்கான், "அண்ணாச்சி, இதுல வேட்பாளர் யாரு?"ன்னு. எழுத்துல போட்டிருக்குல்லவே, படிச்சுக்கிடுவாங்கன்னேன். அந்தப் படத்துல என் மீசையை நீங்க பாத்திருக்கணும். முப்பது வருஷ மீசை. இப்ப இருக்கது இல்ல, இது என்ன மீசை, மழைக்கு முளைச்ச புல்லு. அது காதைத் தொட்டுட்டுத் திரும்பி வரும். எங்க தெருவுல வீட்டுக்கு அடையாளம் சொல்லணும்னா மீசைக்காரர் வீடுன்னுதான் சொல்லுவாங்க. இப்ப கொஞ்ச நாளா மாவுக்கார அக்கா வீடுன்னும் சொல்லுதாங்க. அது இடையில வந்த வழக்கம்.

ஓட்டுக் கேக்கப் போனோம். நான் உலக விஷயம், நாட்டு விஷயம் எல்லாம் பேசுவேன். அவ பக்கத்துல கையைக் கூப்பிக்கிட்டு நிப்பா. நான் விலைவாசியில இருந்து வெளிநாட்டுக் கடனுக்கு வரும்போது பாத்தா, கேக்கதுக்கு ஒரு ஆள் இருக்காது. எல்லாப் பொம்பளையும் அவளைச் சுத்தி நிக்கும். "யக்கா, எங்க சந்துல லைட்டு எரியலை." "யக்கா, வாறுகால் தண்ணி வீட்டுக்குள்ள வருது." இவ தலையை ஆட்டிக்கிட்டே கேப்பா. ஆரத்தி எடுக்க வருத பொம்பளை தட்டை என்னைத் தாண்டிக் கொண்டுபோயி அவளுக்குச் சுத்துவா. வெயில்ல கண்ணு தெரியலை போலன்னு நானும் விட்டுட்டேன்.

இப்ப எதிராளியைச் சொல்லணும். எதிர்க்கட்சிக்கு பூத் ஏஜெண்ட் யாரு தெரியுமா? எம் பொண்டாட்டி கூடப் பொறந்த தம்பி, சேர்மக்கனி. பெண் எடுத்த வீட்டுல எதிர்க்கட்சி வளந்தா மனுஷன் எங்க போய் முட்டுவான்? ஏஜெண்டுன்னா என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியும். ஓட்டுப் போடுத அறைக்குள்ள உக்காந்திருக்கணும். வருதவன் உண்மையான ஆளா, அடுத்தவன் பேர்ல போட வந்தவனான்னு பாக்கணும். சந்தேகம்னா ஒரு ரெண்டு ரூபாயைக் கட்டி ஆட்சேபணை சொல்லலாம். சொன்னா ஆபீசர் அந்த ஆளை நிறுத்தி வச்சு விசாரிச்சே ஆகணும். சட்டத்துல இருக்கு. இருபத்தாறு வருஷத்துல நானே எத்தனை பேரை ஆட்சேபணை பண்ணி வெயில்ல நிறுத்தியிருக்கேன். நல்ல சட்டம். கையில எடுக்கதுக்கு ஆள் சரியில்லைன்னா சட்டம் என்ன பண்ணும்?

சேர்மக்கனி கட்சியில கிடா வெட்டி விருந்து வச்சான். ஊரே கையைக் கழுவிட்டு அங்க போய் உக்காந்துட்டு. எங்க ஆளுங்களும் போயிருக்காங்க, பொறவுதான் தெரிஞ்சுது. இதுக்கு எதிரா நாம ஒண்ணு செய்யணும்னு யோசிச்சேன். திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போடுவோம்னு சொன்னேன். வேட்பாளர் வெற்றிக்காகத் தொண்டர்கள் முடி காணிக்கை. பேப்பர்ல வரும்.

எங்க கொம்பையா இருக்கானே, சோடா வண்டிக்காரன், அவன் கேக்கான், "அண்ணாச்சி, ஜெயிச்ச பொறவுதான மொட்டை போடுவாங்க? கேட்டது கிடைச்சாத்தான காணிக்கை?"

"அதைத்தாம்லே எல்லாரும் செய்யுதான். கொடுத்தாத் தாறேன்னு சொன்னா முருகன் எப்பம் வேணாலும் கொடுக்கலாம்னு இருப்பாரு. முன்கூட்டியே கொடுத்துட்டா அவருக்கு ஒரு கட்டாயம் வந்துரும்ல"ன்னேன்.

இந்த அறிவு எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்க.

பதினாலு பேர் கிளம்பினோம். ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள். அங்க போய் உக்காந்த பொறவு பாதிப் பேர் மீசையை விட்டுருங்கன்னு கெஞ்சுதான். ஒருத்தனுக்கு மறுவாரம் பொண்ணு பாக்கப் போறாங்களாம். அரைக் காணிக்கைக்கு அரை ஓட்டுத்தான் விழும்னு சொல்லிட்டேன். முதல்ல என் மீசையைத்தான் எடுக்கச் சொன்னேன். தலைவன் முன்னால நிக்கணும்ல. எடுத்து முடிச்சதும் கண்ணாடியில பாக்கேன், எனக்கே ஒரு மாதிரி ஆகிட்டு. எங்க அய்யா கடைசிக் காலத்துல இருந்த முகம்.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுதேன். தங்கபுஷ்பம் பாதிக் கதவைத் திறந்து எட்டிப் பாத்துட்டு, "மாவு தீந்துட்டு, நாளைக்கு எலெக்‌ஷன், நாளன்னைக்கு வாங்க"ன்னு சாத்திட்டா.

"ஏட்டி, நான்தாம்ட்டி"ன்னேன்.

"நான்தான்னா யாரு?"

பொறவு சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சா. விளக்கைப் போட்டு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தா. கத்துவான்னு நினைச்சேன், கத்தலை. "ஓட்டர் அட்டைப் படத்துல மீசை இருக்கே"ன்னா. அவ்வளவுதான். உள்ள போயிட்டா. பொம்பளைங்களுக்கு எப்பவும் சின்ன விஷயம்தான் கண்ணுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில பதினாலு பேரும் வரிசையா பள்ளிக்கூடத்துக்குப் போறோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலை முழுக்கச் சந்தனம். நான் முன்னால. தெருவே பாக்குது. சின்னப் பிள்ளைங்க கூடவே ஓடி வருது. பள்ளிக்கூட வாசல்ல வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க, அதுக்கு உள்ள கட்சி அடையாளம் எதுவும் வரக் கூடாது. நாங்க கோட்டைத் தாண்டுதோம், உள்ள இருந்து சேர்மக்கனி வெளிய வாறான், பின்னாலேயே பிரிசைடிங் ஆபீசர். ஆபீசர் ஒரு வாத்தியார், வெளியூர்க்காரர், பாவம், முந்தின நாள் ராத்திரி கொசு தூங்க விடலை போல, கண்ணெல்லாம் சிவந்திருக்கு.

"சார், பாருங்க"ங்கான் சேர்மக்கனி. "இவங்க கொடி சந்தனக் கலர். அதைத் தலையில தடவிட்டு வந்திருக்காங்க. இது பிரச்சாரம்."

"ஏல மாப்ள, இது சாமி சந்தனம்"ன்னேன்.

ஆபீசர் நல்ல மனுஷன். "கொடின்னா வெறும் சந்தனம் மட்டுமா?"ன்னு கேட்டாரு.

"நடுவுல பச்சை இருக்கும் சார்."

"இவங்க தலையில பச்சை இல்லையே"ன்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொரு தலையா பாத்துட்டு வாறாரு. கடைசியில கொம்பையா நிக்கான். வெயில் மொட்டைத் தலையில ஏறுதேன்னு நட்ட நடுவுல ஒரு வெத்திலையை வச்சிருக்கான். சந்தனத்துல பசை மாதிரி ஒட்டிட்டு நிக்குது. கொடியை விரிச்சு வச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி, எனக்கே சல்யூட் அடிக்கணும்னு தோணிட்டு.

ஆபீசர் பள்ளிக்கூடக் குழாயைக் கையைக் காட்டுனாரு. பதினாலு பேரும் வரிசையா குனிஞ்சு தலையைக் கழுவுனோம். கழுவி நிமிர்ந்தா, ஒருத்தனுக்கு ஒருத்தன் வித்தியாசம் தெரியலை. பதினாலு பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி பளபளன்னு நிக்கோம். பொம்பளைங்க வரிசையில இருந்து ஒரு சிரிப்பு வந்துச்சு. பக்தியில சிரிச்சிருப்பாங்க.

அதுக்குப் பொறவுதான் அவன் விளையாட்டைத் தொடங்குனான். முதல்ல கொம்பையா போறான். அட்டையைக் காட்டுதான். சேர்மக்கனி சட்டைப் பையில இருந்து ரெண்டு ரூபாயை எடுத்து மேசையில வச்சு, "ஆட்சேபணை சார். படத்துல இருக்கவனுக்குக் கிராப்பு இருக்கு, மீசை இருக்கு. இது வேற ஆள்"ங்கான்.

"ஏல சேர்மக்கனி, நேத்து காலையில எங்கிட்ட சோடா வாங்கிக் குடிச்சியேல"ங்கான் கொம்பையா.

"நான் வாங்குனது முடி இருந்த கொம்பையாகிட்ட."

அந்த அட்டைப் படத்தைச் சொல்லணுமே. எவன் எடுத்த படமோ. எம் பொண்டாட்டி அட்டையில அவளுக்கே மீசை இருக்க மாதிரி நிழல் விழுந்திருக்கும். அதை வச்சுக்கிட்டு எங்களை ஆட்சேபணை பண்ணுதான். கொம்பையாகிட்ட அப்பன் பேரு, ஆத்தா பேரு, கதவு எண், வீட்டுல யாருக்கெல்லாம் ஓட்டு எல்லாம் கேட்டு எழுதி முடிக்கதுக்குள்ள வெளிய வரிசை தெரு முனைக்குப் போயிட்டு. ஒரு கொம்பையாவுக்கே இப்படின்னா இன்னும் பதிமூணு மொட்டை இருக்கு. எங்க ஓட்டு பூராவும் மத்தியானத்துக்கு முன்னால போடுத ஓட்டு அண்ணாச்சி, தோட்ட வேலைக்குப் போற சனம். ஆம்பளை வரிசையில நின்னவன் ஒவ்வொருத்தனா கழண்டு போறான். பொம்பளை வரிசை மட்டும் கலையலை. அது ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. நிழலுக்குச் சேலையைத் தலையில போட்டுக்கிட்டு நின்ன எடத்துல நிக்காங்க.

அடுத்தது நான். சரி, என்னையுமா கேப்பான், அக்கா புருஷன்னு ஒரு மரியாதை இருக்கும்லன்னு நினைச்சேன். அட்டையை நீட்டுதேன். டக்குன்னு ரெண்டு ரூபா மேசையில விழுது.

"ஆட்சேபணை."

"ஏல, என்னைத் தெரியாதா உனக்கு?"

"எனக்கு ஆதிலிங்கத்தைத் தெரியும் சார்"னு ஆபீசரைப் பாத்துச் சொல்லுதான். என்னைப் பாக்கலை. "அவருக்கு மீசை உண்டு. ஊரே சொல்லும். வேணும்னா வெளிய போஸ்டர்ல பாருங்க, ஆள் உயரத்துக்கு இருக்கு."

என் போஸ்டரே எனக்கு எதிர்சாட்சி. எப்படி இருக்கு பாருங்க நியாயம்.

அந்த நேரம் பாத்து உள்ள வாறா தங்கபுஷ்பம். வேட்பாளர்னா எந்த பூத்துக்குள்ளயும் வந்து பாத்துட்டுப் போகலாம். அப்பாடா, தெய்வம் அனுப்பிச்சுட்டுன்னு நினைச்சேன். ஆபீசருக்கும் தெம்பு வந்துட்டு. "வாங்கம்மா. இவரை உங்களுக்குத் தெரியுமா? உங்க வீட்டுக்காரர்னு சொல்லுதாரு"ன்னு கேட்டாரு.

கல்யாணமாகி இருபத்தொம்பது வருஷம் அண்ணாச்சி. ஒரு வார்த்தை. ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை. அவ என்ன செஞ்சா தெரியுமா? யோசிச்சா. முந்தின நாள் ராத்திரி பாத்தா பாருங்க, அதே பார்வை, மேல இருந்து கீழ வரைக்கும்.

"பாத்தா அப்பிடித்தான் தெரியுது"ன்னா. "ஆனா நான் வேட்பாளர் சார். நான் சொல்லி நீங்க இவரை விட்டா, நாளைக்கு ஒரு பேச்சு வரும். எல்லாரையும் என்ன கேக்கீங்களோ அதையே இவரையும் கேளுங்க."

வாசல்ல நின்ன பொம்பளைங்க அப்படியே பின்னால பின்னால சொல்லி விடுதாங்க, "வீட்டுக்காரரையே விசாரிக்கச் சொல்லிட்டாளாம், வீட்டுக்காரரையே விசாரிக்கச் சொல்லிட்டாளாம்"னு. வரிசைக் கடைசி வரைக்கும் போகுது. எனக்கு எவ்வளவு அவமானம். இதெல்லாம் ஓட்டைக் கெடுக்குத வேலையா இல்லையா, சொல்லுங்க.

ஆபீசர் பேனாவை எடுத்தாரு. "தகப்பனார் பேரு?"

சொன்னேன்.

"கதவு எண்?"

"மீசைக்காரர் வீடுன்னா யாரு வேணாலும் காட்டுவாங்க சார்."

"எண் கேட்டேன்."

அண்ணாச்சி, இந்த வார்டுல எந்தத் தெருவுல எத்தனை ஓட்டு, எவன் எந்தக் கட்சி, எவன் ரெண்டு பக்கமும் தலையாட்டுதவன், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். என் வீட்டுக் கதவு எண்ணை எதுக்கு நான் மனப்பாடம் பண்ணணும்? நான் என்ன என் வீட்டுக்கே ஓட்டுக் கேக்கவா போறேன்?

"சரி. வீட்டுல வேற யாருக்கு ஓட்டு இருக்கு?"

"எம் பொண்டாட்டிக்கு. இந்தா நிக்காளே."

"அவங்க வயசு?"

இதுதான் கேள்வியா? பதட்டமா இருக்குத நேரம். "கல்யாணம் ஆகும்போது இருபது"ன்னேன்.

"அதுக்குப் பொறவு ஆகலையா?"ன்னாரு ஆபீசர்.

பின்னால சிரிக்காங்க. தங்கபுஷ்பம் கரும்பலகையைப் பாத்துக்கிட்டு நிக்கா. அதுல ஒண்ணும் எழுதலை. நான் மனசுக்குள்ள கூட்டுதேன், கூட்டுனா வரலை. "முப்பத்தெட்டு"ன்னேன். ஒரு மரியாதைக்குக் குறைச்சுத்தான் சொன்னேன். வாசல்ல இருந்து ஒருத்தி, "அவ மகனுக்கே இருபத்தேழுல்லா"ங்கா.

"நாப்பது?"ன்னேன்.

சேர்மக்கனி தலையில கையை வச்சுக்கிட்டான். அவனுக்கு முகமெல்லாம் வேர்க்குது. அக்காவைப் பாக்கான், என்னைப் பாக்கான். பொறுக்க மாட்டாம வாயை விட்டுட்டான். "நாப்பத்தொம்பது அத்தான். ஆவணி வந்தா அம்பது. ஒரு மனுஷன் இதைக் கூடவா..."

ஆபீசர் பேனாவை வச்சுட்டாரு. "இப்ப இவரை என்னன்னு கூப்பிட்டீங்க?"

சேர்மக்கனி நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

"அத்தான்னு கூப்பிட்டீங்க. யாருன்னே தெரியாத ஆளை அத்தான்னு கூப்பிடுத வழக்கம் உங்க ஊருல உண்டா?"

"வாய் தவறி வந்துட்டு சார்."

"வாய் சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆட்சேபணை தள்ளுபடி"ன்னாரு. அதோட விடலை. மிச்சம் நின்ன மொட்டைங்க பூராவையும் வாசல்ல வரிசையா நிறுத்துனாரு. "இதுல யார் யாரை மாமா, சித்தப்பா, மச்சான்னு கூப்பிடுவீங்க, இப்பமே சொல்லிருங்க. தெரிஞ்ச ஆளைத் தெரியாதுன்னு சொன்னா போலீஸ்ல எழுதிக் கொடுப்பேன்"ன்னாரு. எங்க ஊருல எவன் சொந்தமில்ல? சேர்மக்கனி மிச்சச் சில்லறையை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு உக்காந்துட்டான். வரிசை மடமடன்னு நகந்துச்சு.

நான் மறைப்புக்குள்ள போய் ஓட்டுப் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு கேக்காதீங்க. அது ரகசியம், சட்டம். அந்த நேரம் எனக்கு இருந்த கோவத்துக்கு விரல் ரெண்டு சின்னத்துக்கு நடுவுல கொஞ்சம் நின்னுச்சுங்கது மட்டும் உண்மை. வெளிய வரும்போது அவ முகத்தைப் பாக்கலை.

சாயந்தரம் வீட்டுல கேட்டேன், "நீ யாருக்குப் போட்ட?"ன்னு. இத்தனை வருஷமா நான் சொல்லுத சின்னத்துலதான் போடுவா, கேக்க வேண்டிய தேவையே இருந்தது இல்ல. அன்னைக்கு "ரகசியம்"னுட்டா. அவளுக்கு அவளே போட்டாளா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது பாத்துக்கோங்க.

பதினோரு ஓட்டுல ஜெயிச்சோம். பதினோரே ஓட்டு. மொட்டை எத்தனை? பதினாலு. கணக்கு சரியா இருக்கா? அந்தப் பதினாலு மொட்டை இல்லைன்னா இன்னைக்கு இந்தக் கட்டடத்துக்குள்ள அவ எங்க இருப்பா? ஊர்ல என்ன பேசுதாங்கன்னா, பொம்பளைங்க வெயில்னு பாக்காம நின்னு குத்துனதாலதான் ஜெயிச்சுதாம். புருஷனுக்கே சலுகை காட்டாதவ நமக்கு நியாயமா இருப்பான்னு பேசிக்கிட்டாங்களாம். அப்படியும் சில பேர் சொல்லத்தான் செய்யுதாங்க. அரசியல் புரியாத சனம்.

ஜெயிச்சதும் நான் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு முதல் கூட்டத்துக்கு அவகூட வந்தேன். தச்சு வச்ச சட்டை, ரெண்டு மாசமா பொட்டியில கிடந்தது. மாமாங்கத்துக்கு ஒரு தடவை வாய்க்குத நாள். நாற்காலியை இழுத்து அவ பக்கத்துல போட்டு உக்காந்தேன். மத்த பொம்பளை வார்டுல எல்லாம் புருஷன்மாருதான் வந்து உக்காருவாங்க, கையெழுத்துக்கு மட்டும் பொண்டாட்டி. தங்கபுஷ்பம் எந்திரிச்சா. "தலைவரே, ஒரு தீர்மானம்"ன்னா. அவ எழுந்து பேசி நான் பாத்ததே கிடையாது. கவுன்சிலர் வீட்டு ஆளுங்க யாரும் கூட்டத்துல உக்காரக் கூடாது, மனு வாங்கக் கூடாது, ஆபீஸ் வராண்டாவுல கூட இருக்கக் கூடாது, மனு கொடுக்க வந்தவங்களும் அவங்ககூட வந்தவங்களும் மட்டும்தான் இங்க இருக்கலாம். பொம்பளைக் கவுன்சிலருங்க அத்தனை பேரும் கையைத் தூக்கிட்டாங்க. அந்தந்தப் புருஷன் பக்கத்துலயே இருக்கான், பாத்துக்கிட்டே தூக்குதாங்க.

இல்ல, எனக்கு அவ மேல வருத்தம் எதுவும் கிடையாது. வீட்டுல எல்லாம் பழைய மாதிரிதான். மாவு இப்ப பாதி நாள் நான்தான் ஆட்டுதேன், அவளுக்கு நேரம் இல்லை. உளுந்து எத்தனை, அரிசி எத்தனைன்னு ஓரளவுக்குப் பிடிபட்டுட்டு. வருத பொம்பளைங்க, "அண்ணாச்சி, எங்க சந்துல லைட்டு எரியலை, அக்காகிட்ட சொல்லுங்க"ங்காங்க. சொல்லுதேன்.

அந்த ஒண்ணுதான் மனசுல கிடக்கு. யோசிச்சா பாருங்க, அது. ஆமான்னு சொல்லாம யோசிச்சா. சில நாள் மாவு ஆட்டிக்கிட்டு இருக்கும்போது கிரைண்டர் சத்தத்துல அது நினைப்பு வரும். அவ பாத்தப்ப என்னைத் தேடிப் பாத்தாளா, இல்ல கிடைக்கலைன்னுதான் அப்படிச் சொன்னாளா?

இப்ப என்னைக் கேளுங்க. எது வேணும்னாலும் கேளுங்க. கதவு எண் பதினாலு பை மூணு. அவ அம்மை பேரு பிச்சம்மாள். வயசு ஆவணியில அம்பது முடிஞ்சுட்டு. அன்னைக்குப் பாயாசம் நான்தான் வச்சேன். அடிப்பிடிச்சுட்டு. பூராவையும் குடிச்சா. அந்த ஆபீசரு இன்னொரு தடவை கேட்டாருன்னா ஒரு எழுத்துப் பிசகாமச் சொல்லுவேன். யாரு கேக்கா?

உள்ள நாற்காலி இழுபடுது, கேக்குதா? கூட்டம் முடிஞ்சுட்டு. இந்தா வாறா. அந்தக் கத்தரிப்பூச் சேலைதான். எந்திரிங்க அண்ணாச்சி, மனுவைக் கையில வச்சுக்கோங்க, மடிக்காதீங்க, அவளுக்கு மடிச்சாப் பிடிக்காது. நானும் உங்க பக்கத்துலயே நின்னுக்கிடுதேன். என்னைப் பாத்துட்டா.

இல்ல புஷ்பம், நான் இவருகூட வந்தேன். வாறுகால் விஷயமா. நீ வேணும்னா அவருகிட்டயே கேட்டுக்கோ.

கேக்கா அண்ணாச்சி. உங்களைத்தான் கேக்கா, இவரை உங்களுக்குத் தெரியுமான்னு. சொல்லுங்க. இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தோமே, ஒரு வார்த்தை, ஆமான்னு.

என்ன அண்ணாச்சி, நீங்களும் யோசிக்கீங்க?